மயில்கழுத்து நிறத்தில் ஒரு மீன்

ஃபைட்டர் மீனை போட்டோ எடுக்கணும்னா முதலில் அதுக்குக் கோபம் வரவைக்கணும். ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே காட்டினால் போதும். எவனோ ஒருத்தன் தன் இடத்துக்கு வந்துட்டான்னு நினைச்சு, செவுளைத் தூக்கி, வாலையும் துடுப்பையும் கடைசி நரம்பு வரைக்கும் விரிச்சு நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியை எடுத்துட்டு, அது சுதாரிக்கிறதுக்குள்ளே க்ளிக் பண்ணணும். இந்தக் கோபம் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கே அது சுருக்குன்னு வரும். ஒரு வித்தியாசம், எனக்குக் கண்ணாடி காட்டவும் தேவையில்லை.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எனக்கு ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சீர். மாங்காய் சீசன் வந்துட்டா மண்டிக்காரங்களுக்கு மாம்பழ போட்டோ. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊடு பக்கத்துலதான், மாந்தோப்புக்குள்ளே. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாங்காய்க் கூடை அடுக்கிவைக்கிற ஷெட்டில் பாதியை இவள் பிடிச்சுக்கிட்டு ஃபைட்டர் வளர்க்க ஆரம்பிச்சாள். வரிசை வரிசையாகப் பாட்டில், ஒரு பாட்டிலுக்கு ஒரு மீன். பக்கத்துப் பாட்டில் மீனைப் பார்த்துக் கோபப்பட்டு வாலைக் கிழிச்சுக்காமல் இருக்க நடுவில் அட்டை. மீனுக்கு நல்லதுன்னு தண்ணியில் போடுகிற காஞ்ச வாதாம் இலை ஊறின வாசம் எந்நேரமும்.

மீனை வாங்குகிறவர்கள் யாரும் ஷெட்டுக்கு வருவதில்லை. கேரளா பூராவும் மீன் வளர்க்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வெச்சிருக்காங்க. அதில் போட்டோ போடுவாள். பிடிச்சவங்க கேட்பாங்க. கவரில் காத்தடிச்சு, தெர்மாகோல் பெட்டியில் வெச்சு அனுப்புவாள். அதனால் போட்டோதான் எல்லாம். போட்டோ எடுக்கிறது நான்.

நல்லாத்தான் எடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கொட்டாங்கச்சியில் படம் எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன்கிற மாதிரி ஆளுங்க நாங்க. இதுக்குன்னு ஒரு கை அகலத்தில் தனித்தொட்டி செஞ்சேன். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு. மீன் பின்னாடி ஓடாமல் முன்பக்கமே நிற்க அதுதான் வழி. பின்னாடி கறுப்பு வெல்வெட். ஃப்ளாஷை முன்னாடி வெச்சு அடிச்சா கண்ணாடி பூரா வெள்ளையாக மின்னும், மேலே வெச்சு, நடுவில் ட்ரேசிங் பேப்பர் கட்டி, வெளிச்சத்தை வடிகட்டி இறக்கணும். கேமராவைத் தொட்டிக்கு நேராகப் பிடிக்கணும், கொஞ்சம் சாய்ச்சா மீன் வளைஞ்சுபோகும். என் சட்டையே கண்ணாடியில் தெரியும்னு கறுப்புச் சட்டை போட்டுக்குவேன். ஃபோகஸ் கண்ணில். வால் எவ்வளவு அழகாக இருந்தாலும், கண்ணு மங்கலாக இருந்தால் போட்டோ வேஸ்ட்.

அவள் மீன்கள் நீலத்துக்குப் பேர்போனவை. குழுவில் அவள் பேரையே யாரும் சொல்வதில்லை, 'நீல மீன் சேச்சி' என்பார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திட்டு, அடுப்படியும் தோப்பும்னு இருந்தவள். யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒரு பேங்க் ஆபீசர் எல்லாம் இவளிடம் வந்து, சேச்சி, தண்ணி எப்படி வைக்கணும், முட்டை போட்டா ஆண் மீனை எப்போ எடுக்கணும்னு கேட்டாங்க. அந்தப் பதிலை அனுப்புகிற நேரம் அவள் மூஞ்சியைப் பார்க்கணுமே. கல்யாணத்தன்னிக்குக்கூட என் கேமராவுக்கு அவள் அப்படி ஒரு மூஞ்சி காட்டினது கிடையாது.

அப்புறம்தான் அந்த முதல் மெசேஜ் வந்தது. கோட்டயம் பக்கத்துப் பெண் ஒருத்தி. "சேச்சி, இது ஆ மீனல்ல." இது அந்த மீன் இல்லை. கூடவே அவள் எடுத்த போட்டோ. என் போட்டோவில் இங்கி மாதிரி நீலமாக இருந்த மீன், அவள் போட்டோவில் ஒரு மாதிரி பச்சை கலந்து நின்றது என்றாள் தங்கச்சி. எனக்குப் பார்க்க அது வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது.

"பஸ்ஸில் குலுங்கிக்கிட்டுப் போனா கலர் இறங்காமல் என்ன பண்ணும்? ரெண்டு நாள் வாதாம் இலைத் தண்ணியில் விடச் சொல்லு" என்றேன். அது உண்மையும்கூட. பயந்த மீன் வெளுத்துத்தான் போகும்.

ரெண்டு நாளிலும் வரவில்லை. அதுக்குள்ளே இன்னொருத்தர் சொன்னார், இன்னும் ஒருத்தர். எல்லாரும் ஒரே பேச்சு. ஒரு மீனைக் காட்டி இன்னொரு மீனை அனுப்புறீங்க. மட்டமாக இருக்குன்னு சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. மாத்தி அனுப்புறீங்கன்னா? திருட்டுத்தனம்தானே அது? குழுவை நடத்துகிறவர் தங்கச்சியைக் கூப்பிட்டு, இனி ஒரு புகார் வந்தால் குழுவில் இருந்து எடுத்துடுவோம்னு சொல்லிட்டார். வீட்டுக்காரர் வழக்கம்போல, "போதுமே, ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்தா கூடையாச்சும் நனையாம இருக்கும்" என்றார். அவள் பாட்டிலுக்குத் தண்ணி மாத்திக்கிட்டே இருந்தாள்.

நான் எடுத்த மீன் இதுதான். அவள் அனுப்பின மீனும் இதுதான். நடுவில் எங்கே மாறுது? முதலில் ஃப்ளாஷைச் சந்தேகப்பட்டேன். மாத்தினேன். ட்ரேசிங் பேப்பர் பழுத்துப்போச்சோன்னு புதுசு வாங்கிக் கட்டினேன். வாதாம் இலைத் தண்ணி பழுப்பு, அதுதான் கலரைக் கெடுக்குதுன்னு சுத்தத் தண்ணியில் விட்டு எடுத்தேன். வெளியே பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்கலாம்னு தொட்டியைத் தூக்கிக்கிட்டு மாமரத்தடிக்குப் போனேன். அங்கே இலைப் பச்சை எல்லாத்துமேலேயும் அடிச்சுத் தொலைச்சது. ஷெட்டுக்குள்ளே வெளிச்சமே பத்தலைன்னு மாப்பிள்ளையிடம் சண்டை போட்டுப் புது பல்பு போடவைத்தேன். அவர் பல்பை மாட்டிட்டு, "ஏனுங்க மச்சான், இது கண்ணு கூசுதுங்களே" என்றார். எனக்கு அப்பவும் பத்தவில்லை. சரி, இவர் லாரி ஹெட்லைட்டையே பார்த்துப் பழகினவர், இவருக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

ஊட்டுக்கு வந்து படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் மீன் அழுக்காகத் தெரியும். ஒரு நல்ல நீலம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அதனால் நீலத்தைக் கொஞ்சம் ஏத்துவேன். இன்னும் கொஞ்சம். ஆ, இப்பத்தான் மீன் மாதிரி இருக்குன்னு தோணும்போது நிறுத்துவேன். புதுசாகத் தொழிலுக்கு வருகிற பசங்க சாம்பல் அட்டை ஒண்ணை வெச்சு, அதைப் பார்த்து கலரைச் சரிபண்ணுவாங்க. அதையெல்லாம் நான் கையால் தொட்டதில்லை. என் கண்ணுக்கு மேலே ஒரு அட்டையா?

அந்தச் சமயத்திலேயே ஒரு கல்யாண ஆல்பத்திலும் தகராறு வந்தது. பொண்ணோட அம்மா ஸ்டுடியோவுக்கே வந்துட்டாங்க. "ராமர் பச்சையில பட்டு எடுத்தோமுங்க. ஆல்பத்துல நீலமா இருக்குது. எங்க நாத்தனார் வேற பட்டுன்னே சொல்றா" என்றார். பட்டுன்னா வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி மாறத்தான் செய்யுமுங்க, ஒரு நூலு பச்சை, ஒரு நூலு நீலம்னு பெரிய நாயமாகப் பேசி அனுப்பினேன். அவங்க போன பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, ஊரில் எல்லாருக்கும் திடீர்னு கலர் பார்க்கத் தெரிஞ்சுபோச்சுன்னு புலம்பினேன். ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே, "மாம்பழத்தையே பார்த்துப் பார்த்து உங்க கண்ணு பழுத்துப்போச்சுங்க" என்றான். அவன் டீயை அவன் மேலேயே ஊத்தாமல் விட்டதே பெரிசு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் ஷெட்டில் இருந்தேன். கொல்லங்கோட்டில் இருந்து ஒருத்தர் மீன் வாங்க நேரிலேயே வந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு திருப்தி. நேரில் பார்த்து வாங்குகிறவன் என்ன சொல்லுவான் பார்க்கலாம்னு. தங்கச்சி மூலையில் குஞ்சுகளுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தாள். கை ஈரம்.

"அண்ணா, மேல் தட்டுல கடைசி ரெண்டு பாட்டில் இருக்குதல்லங்க. அதுல நீலத்தை எடுத்து அவருகிட்டக் குடுங்க. மயில்கழுத்து இருக்கட்டும்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ரெண்டு பாட்டில். ரெண்டு மீன். ரெண்டும் ஒண்ணு. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க, ஒண்ணுபோலத்தானே இருக்கும்னு நினைச்சு, இடதுபக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டுச் சிரித்தார். "என்னங்க, நீலங் கேட்டா மயில்கழுத்தைக் குடுக்கறீங்க?"

"நீலந்தானுங்க அது."

"வெளையாடறீங்களா? மயிலு கழுத்தாட்டம் பச்சையடிக்குது, இதைப் போயி நீலங்கறீங்க?"

எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். மூணாவது ஆள், நாலாவது ஆள், எல்லாரும் இதே பாட்டு. "ஏனுங்க, நான் எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறேன்னு தெரியுமா? எனக்கே கலர் சொல்லித்தரீங்களா?" என்று கத்திட்டேன். கத்தின சத்தத்தில் பக்கத்துப் பாட்டில் மீன்கூட ஒருதரம் துள்ளியது.

தங்கச்சி கையைப் புடவையில் துடைச்சுக்கிட்டு வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தாள். அவர் கையில் இருந்ததை வாங்கி வெச்சுட்டு, இன்னொரு பாட்டிலைக் கொடுத்து, "அண்ணன் பராக்குல எடுத்துட்டாருங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அவர் வண்டி கிளம்பின பிறகு நான் கேட்டேன். "ஏம் புள்ளே, அவரு முன்னாடி என்னை எதுக்கு விட்டுக்கொடுத்தே? ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் கூடை ஒண்ணைக் கவுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். "இல்லீங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணு ரெண்டும் நிறைஞ்சுபோச்சு.

அப்படின்னா அவர் எடுத்துப் போனது நீலம், தட்டில் இருப்பது மயில்கழுத்து. அந்த மீனைத் திரும்பவும் எடுத்து, பல்புக்குக் கீழே வெச்சு, வாசலில் வெச்சு, மூக்குக்கு நேரே வெச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சது ஒரே மீன். பயம்னா அதுதான் பயம். இருட்டில் படி இருக்குன்னு நினைச்சுக் காலை வெச்சு, படி இல்லாமல் போகுமே, அப்படி இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மாங்காய் சீசன்லயேங்க. நீங்க அனுப்பற போட்டோ எல்லாம் நீலமா வந்துது. மயில்கழுத்தும் நீலம், நீலமும் நீலம்."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விடுவீங்களா? கடிச்சுத் தின்னுருவீங்க."

"சரி, அந்தக் குழுவுலயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல? உன்னைத் திருடிங்கறான். கேட்டுக்கிட்டு இருந்தயா?"

அவளுக்கும் அப்போதான் கோபம் வந்தது. எங்க வீட்டு ரத்தம், எங்கே போகும். "என்னன்னு சொல்லோணுங்கறீங்க? எங்கண்ணனுக்குக் கண்ணு தெரியறதில்லைன்னா? அந்தக் குழுவுல நம்ம பக்கத்து ஆளுங்க எத்தனை பேரு இருக்காங்க. தை பொறந்தா முகூர்த்தம். கண்ணு தெரியாத போட்டோகாரனை எவன் கூப்புடுவான்? மீன் போனாப் போயிட்டுப் போகுது, நீங்க என்ன பண்ணுவீங்க?" மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "போன வாரமே எடுத்துட்டாங்க. இப்ப அந்தக் குழுவுல நான் இல்லை" என்றாள்.

நான் அவளைத் திட்டினேனா, தலையைத் தடவினேனா, எனக்கே நினைவில்லை. ரெண்டையும் செய்திருப்பேன்.

கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளைதான் கூட்டிப்போனார். வழியெல்லாம் அந்தப் பல்பைப் பத்தி வாயெடுக்கவில்லை, நல்ல மனுஷன். டாக்டர் பார்த்துட்டு, ரெண்டு கண்ணிலும் புரை, பழுப்பேறிக் கிடக்கு, மெதுவாக வருகிறதால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது என்றார். பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலம் குறைச்சலாகத்தான் தெரியும், நீங்க அதை ஈடுகட்ட ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க. அவர் சொல்லச் சொல்ல, ஏத்தின போட்டோ ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி வந்தது. அந்த ராமர் பச்சைக்காரம்மாவும் வந்தார்.

வலதுகண்ணுக்கு முதலில் ஆபரேஷன் செய்தார்கள். இடது அப்புறம்னு சொல்லிட்டாங்க. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்கணும். குழப்பம்தான் வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் பூசின மாதிரி இருந்தது. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் டீ டிகாஷன் தெளிச்ச மாதிரி இருந்தது.

ஷெட்டுக்கு வந்து மயில்கழுத்தின் முன்னாடி உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடினேன். கழுத்தில் இருந்து வால்வரைக்கும் பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடியது. ஐயோ, இதையா நான் இங்கியாக மாத்தி வெச்சேன்? வலதை மூடினேன். அது போச்சு, பழைய மீன் வந்துடுச்சு. இதை மூடி அதைத் திறந்து, அதை மூடி இதைத் திறந்து, பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரே பாட்டிலில் ரெண்டு மீன். தங்கச்சி, "வலது கண்ணு சொல்றதைக் கேளுங்கண்ணா" என்றாள். கேட்கிறேன், சரி. ஆனால் வலது கண்ணுக்குள்ளே இருப்பது ஆஸ்பத்திரியில் வெச்ச ஒரு துண்டு லென்ஸ். இடதுதான் பிறந்ததில் இருந்து என்னுடையது. அத்தனை வருஷம் அதை நம்பி நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிறத்தியார் கண்ணுக்கு இந்த மீன் எப்படித் தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தங்கச்சி கண்ணு, அந்தக் கொல்லங்கோட்டுக்காரர் கண்ணு? இன்னிக்கு வரைக்கும் இது எனக்குத் தெளியவில்லை.

ஒண்ணு மட்டும் தெளிவாக இருந்தது. என் கண்ணால் அவள் பேர் கெட்டுக் கிடக்கு. குழு நடத்துகிறவருடைய நம்பரை அவள் போனில் இருந்து எடுத்து, ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "போட்டோ எடுத்தவன் நான். கலரை ஏத்தினவன் நான். எனக்குக் கண்ணில் புரை இருந்திருக்கு, எனக்கே தெரியாது. என் தங்கச்சி ஒரு மீனைக்கூட மாத்தினதில்லை. இதை உங்க குழுவுல எல்லாரும் கேக்கற மாதிரிப் போடுங்க."

அவள் ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். அதுக்குள்ளே போயிடுச்சு. "உங்களை யாரு கேட்டா? முகூர்த்தத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கத்தினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம்வரைக்கும் என்னோடு பேசவுமில்லை.

குழு நடத்துகிறவர் நல்ல மனுஷன், போட்டுவிட்டார். அவளைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டயத்துப் பெண் அழுதபடியே ஒரு மெசேஜ் அனுப்பினாள். தையில் சொல்லியிருந்த ஒரு கல்யாணம் கைவிட்டுப் போனது, இன்னொருத்தர், "ஆபரேஷன்தான் ஆயிடுச்சல்லங்க, வந்து எடுங்க" என்றார். நீல மீன் சேச்சி பழையபடி எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருந்தாள். பரவாயில்லை, இத்தோடு முடிஞ்சதுன்னு நான் காலை நீட்டிப் படுத்தேன்.

மறுநாள் காலையில் தெரியாத நம்பரில் இருந்து எனக்கு ஒரு போன். ஆண் குரல். குழுவில் என் மெசேஜைக் கேட்டுட்டு தங்கச்சியிடம் நம்பர் வாங்கினாராம்.

"அண்ணே, நான் வண்டிப்பெரியார்ல இருந்து பேசுறேன். டீ பேக்டரியில வேலை. மழைக்காலத்துல உங்ககிட்ட ஒரு மீன் வாங்குனேன்."

மன்னிச்சுக்கோங்கன்னு ஆரம்பிச்சேன். அவர் அதைக் கேட்கவேயில்லை.

"சண்டைக்கு வரலண்ணே. நான் யாருகிட்டயும் கம்ப்ளெயிண்ட்டும் சொல்லல. போட்டோவுல நீலமா இருந்துச்சு, வந்தப்ப பச்சையா இருந்துச்சு. சீக்குப் புடிச்சிருச்சு போலன்னு நெனச்சேன். எங்க தண்ணி சேரலையோ, குளுரு சேரலையோன்னு. கடையில கேட்டு மருந்து வாங்குனேன். உப்பு போட்டேன். ஒண்ணுக்கும் கலரு ஏறல. அப்பறம் வேற மருந்து."

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

"இல்லண்ணே. போயிருச்சு." பின்னாடி மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "நல்லாத் தின்னுச்சுண்ணே. நான் வேலை முடிஞ்சு வந்தா கண்ணாடிக்கிட்ட வந்து வாலை விரிக்கும். கலரு மட்டுந்தான் வரல. அதான் ஒண்ணு கேக்கணும்னு போன் பண்ணேன். அப்ப அதுக்கு ஒரு சீக்கும் இல்லையாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லீங்க" என்றேன். "நல்ல மீனுங்க அது."

அவர் போனை வைக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "தெனமும் உங்க போட்டோவப் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்டேதாண்ணே மருந்து ஊத்துவேன்."